முட்டிக்குப் போட்ட மாத்திரை: ஒரு வயிற்றுப்புண் நிகழ்வு ஆய்வு

மருமகள்தான் முதலில் பேசினார். "அத்தைக்கு மூணு நாளா வெளிக்கி கறுப்பா போவுதுங்க சார். கேட்டா, களி தின்னா கறுப்பாத்தான் போவும்னு சொல்லுது."

அத்தை அதற்குள் பெஞ்சில் சாய்ந்துவிட்டார். வயது 61. காரிமங்கலத்தை ஒட்டிய ஒரு கிராமம். (ஊர் பெயரையும் அடையாளம் காட்டக்கூடிய வேறு சில விவரங்களையும் விட்டுவிட்டு எழுதுகிறேன்.) கல்யாணமாகி வந்த நாள் முதல் புளி தட்டுகிற வேலை. மாசியில் புளி இறங்கினால் வைகாசி முடிய ஓடு உடைப்பது, நார் உரிப்பது, கொட்டை எடுப்பது என்று குத்துக்காலிட்டு உட்கார்ந்தபடியே நாள் முழுக்க ஓடும். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. எழுந்து இடுப்பை நிமிர்த்தினால் அந்த நேரத்துக்குக் காசு இல்லை.

அவர் சொன்னதில் கொஞ்சம் நியாயம் இருக்கத்தான் செய்தது. கீரை நிறையச் சாப்பிட்டால் மலம் அடர்ந்த நிறத்தில் போகும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கறுக்கும். அதனால் நிறத்தை மட்டும் கேட்டு ஒரு முடிவுக்கு வர முடியாது. "தண்ணி ஊத்தினா போயிடுதா, ஒட்டிக்கிட்டு நிக்குதா?" என்று கேட்டேன். மருமகள் முகத்தைச் சுளித்தார். "ரோட்டுக்கு ஊத்தற தாரு மாதிரிங்க. ரெண்டு வாளி ஊத்தணும். நாத்தம் வேற தாங்கல."

இரைப்பையில் கசிந்த ரத்தம் அமிலத்தில் கறுத்து, குடல் நெடுகச் செரிமானமாகிக்கொண்டே இறங்கி வெளியே வரும்போதுதான் இந்தத் தார்ப் பதமும் இந்த நாற்றமும் வரும். கீழே மலக்குடலிலோ மூலத்திலோ கசிந்தால் சிவப்பாகவே தெரியும். கறுப்பு என்றால் பெரும்பாலும் மேலே, இரைப்பையிலோ அதை அடுத்த முன்சிறுகுடலிலோ புண் இருக்கிறது என்று அர்த்தம்.

கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். சிவப்பே இல்லை. நாடி 112. படுத்திருக்கும்போது ரத்த அழுத்தம் 100/60. உட்கார வைத்ததும் மேல் அளவு 84க்கு இறங்கியது, "கண்ணை இருட்டுது சாமி" என்று மறுபடி படுத்துக்கொண்டார். 100/60 என்றால் சிலருக்குச் சாதாரணம். இவருக்கு இல்லை. இவர் பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறவர், எப்போது பார்த்தாலும் 150ஐ ஒட்டி நிற்கும்.

இந்த இறக்கத்தை முதலில் கண்டுபிடித்தது நான் இல்லை. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாக வந்து பிரஷர், சர்க்கரை மாத்திரை கொடுக்கும் பெண்தான். 2021 ஆகஸ்டில் நம் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் அது. அந்தப் பெண் முந்தின நாள் வந்து அளந்து பார்த்திருக்கிறார். "பிரஷர் நல்லா எறங்கிடுச்சே!" என்று நம் அம்மாவுக்கு ஒரே சந்தோஷமாம். அந்தப் பெண்ணுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. இன்றைக்குப் பிரஷர் மாத்திரை வேண்டாம், டாக்டரைப் பாருங்கள் என்று மருமகளிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவர் சொல்லாமல் போயிருந்தால் இந்த ஆய்வு வேறு மாதிரி முடிந்திருக்கும்.

மஞ்சப்பையில் இருந்தது

இதற்கு முன்பே, சித்திரையில், இந்த அம்மா என்னிடம் வந்திருக்கிறார். என் கையெழுத்தில் நோட்டில் இருக்கிறது: "வயிறு எரிச்சல், உப்புசம், 15 நாள். கேஸ் மாத்திரை, 10 நாளைக்கு." அவ்வளவுதான். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, சந்தை நாள், வெளியே நாற்பது பேர் நின்றிருந்தார்கள். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்க ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். கூட்டத்தைக் காரணம் காட்டலாம்தான், ஆனால் தப்பு தப்புதான்.

இந்த முறை கேட்டேன். "முட்டி வலிக்கு எதாச்சும் போடறீங்களா?" அம்மா பேசவில்லை. மருமகள் ஒரு மஞ்சப்பையை எடுத்து மேசைமேல் கவிழ்த்தார்.

மடித்த காகிதப் பொட்டலங்கள். இரண்டு இரண்டாகக் கத்தரித்த மாத்திரை அட்டைத் துண்டுகள், பெரும்பாலும் காலி. பெயர் அச்சிட்ட பக்கம் கடைக்காரரின் கத்தரிக்கோலோடு போய்விட்டது. ஒரு துண்டில் மட்டும் பெயரின் கடைசி எழுத்துகள் மிஞ்சியிருந்தன, அதை வைத்து டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரை என்று ஊகித்தேன். பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே ஒரு ஆரஞ்சு நிறம், ஒரு மஞ்சள், ஒரு சின்ன வெள்ளை. இதற்கு நம் பக்கத்தில் 'செட் மாத்திரை' என்று பெயர். "முட்டி வலிக்கு நாலு செட் குடுங்க" என்றால் போதும், சீட்டு வேண்டாம். மாசியிலிருந்து தினமும் காலை ஒரு செட், ராத்திரி ஒரு செட். வலி அதிகமான நாளில் நடுவே இன்னொன்று. காலையில் வெறும் டீயோடு.

மருமகளைவிட்டுக் கடைக்குப் போன் போட்டுக் கேட்கச் சொன்னேன். அந்தச் சின்ன வெள்ளை, டெக்ஸாமெத்தசோன். ஸ்டீராய்டு. வலி மாத்திரை தனியாகவே இரைப்பையைப் புண்ணாக்கும். கூட ஸ்டீராய்டு சேர்ந்தால் அந்த ஆபத்து பல மடங்காகிறது. 60 வயதைத் தாண்டியவருக்கு இன்னும் கூடுதல். மாசக்கணக்கில் சாப்பிட்ட ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்துவதும் தனி ஆபத்து. அதனால் அனுப்புகிற கடிதத்தில் அதை அடிக்கோடிட்டு எழுதினேன்.

இங்கே நான் கொடுத்த கேஸ் மாத்திரை செய்த வேலையையும் சொல்லியாக வேண்டும். பத்து நாள் அது அமிலத்தைக் குறைத்தது, எரிச்சல் அடங்கியது. "டாக்டர் மாத்திரையில வயிறு சரியாப் போச்சு" என்று அம்மா நிம்மதியாகச் செட்டைத் தொடர்ந்தார். என் மாத்திரை தீர்ந்தது, செட் தீரவில்லை.

108 வந்து தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது. ஹீமோகுளோபின் 6.1. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். 7க்குக் கீழே இறங்கினால் பொதுவாக ரத்தம் ஏற்றுவார்கள், இரண்டு பாட்டில் ஏற்றினார்கள். ரத்தத்தில் யூரியா 68, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினோ 0.9தான். சிறுநீரகம் நன்றாக இருக்கும்போது யூரியா மட்டும் ஏன் ஏற வேண்டும்? குடலுக்குள் இறங்கிய ரத்தமும் ஒரு புரதம்தான். உடம்பு அதையும் கறி சாப்பிட்ட மாதிரிச் செரித்து யூரியாவாக்கிவிடுகிறது. மேல் வயிற்று ரத்தக்கசிவுக்கு இது ஒரு நல்ல துப்பு.

மறுநாள் காலை எண்டோஸ்கோப்பி, அதாவது வாய் வழியாகக் குழாய் விட்டு உள்ளே பார்ப்பது. இரைப்பையின் கீழ்ப்பகுதியில் ஒன்றரை சென்டிமீட்டர் புண், அடியில் ஒரு கறுப்புப் புள்ளி. ரத்தம் அப்போது நின்றிருந்தது, அதனால் கிளிப் போடவோ ஊசி போடவோ தேவைப்படவில்லை. புண்ணின் ஓரத்திலிருந்து சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். இரைப்பைப் புண் என்றால் இதைச் செய்தே ஆக வேண்டும், சில புற்றுநோய்கள் சாதாரணப் புண் மாதிரியே உட்கார்ந்திருக்கும். இவருக்குப் புற்றுநோய் இல்லை என்று வந்தது. அமிலத்தைக் குறைக்கும் பான்டப்ரசோல், முதலில் ஊசியாக, பிறகு மாத்திரையாக. ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இரைப்பை ஏன் தன்னையே செரிப்பதில்லை

மகன் கேட்ட கேள்வி இது. பெங்களூரில் கம்பி வேலை செய்கிறவர், லீவு போட்டு வந்திருந்தார். "மாத்திரை முட்டிக்குப் போகுது, வயிறு எப்படிங்க சார் புண்ணாவும்?" நல்ல கேள்வி.

இரைப்பையில் ஊறும் அமிலம் எலுமிச்சைச் சாற்றைவிடக் கடுமையானது. கறியையே கரைக்கிற அந்த அமிலம் இரைப்பையின் சதையைக் கரைக்காமல் இருப்பதற்குக் காரணம், உள்சுவரில் பூசின மாதிரி இருக்கும் ஒரு வழவழப்பான சளிப்படலம். அதற்குள் அமிலத்தை முறிக்கிற பைகார்பனேட்டும் இருக்கும். அந்தப் பூச்சு தேயத் தேய உடம்பு புதிதாகப் பூசிக்கொண்டே இருக்க வேண்டும். பூசு என்று உத்தரவு போடுவது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள். அதே குடும்பத்துப் பொருள்தான் முட்டியில் வீக்கத்தையும் வலியையும் உண்டாக்குகிறது. வலி மாத்திரை அதன் உற்பத்தியையே நிறுத்துகிறது. முட்டியில் நிறுத்தினால் சுகம். ஆனால் ரத்தத்தில் கலந்த மருந்துக்கு முட்டி எது, வயிறு எது என்று தெரியாது. இரைப்பையிலும் பூச்சு வேலை நின்றுபோகிறது. ஆஸ்பிரின் இப்படித்தான் வேலை செய்கிறது என்று 1971இல் ஜான் வேன் கண்டுபிடித்தார், 1982இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இதனால்தான் "நான் மாத்திரை போடறதில்ல, ஊசிதான் போட்டுக்கறேன், அது வயித்துக்குப் போவாது" என்கிற பேச்சும் எடுபடாது. ஊசியில் போட்டாலும் ரத்தம் வழியாக அதே இரைப்பைக்குத்தான் வந்து சேரும்.

இன்னொன்று. இந்த அம்மாவுக்கு ரத்தம் கசிந்த அந்த வாரத்தில் வயிற்று வலியே இல்லை. வலி மாத்திரையால் வரும் புண்களில் இது அடிக்கடி நடப்பது. வலியை மறைக்கிற மருந்து புண்ணின் வலியையும் சேர்த்தே மறைத்துவிடும். கறுப்பு மலம், காப்பித்தூள் கரைத்த மாதிரி வாந்தி, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, எழுந்தால் தலை சுற்றுவது. பலருக்கு முதல் அறிகுறியே இதுதான். இதைப் பார்த்தால் காலையில் போய்க்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரி போக வேண்டும்.

வீட்டில் யாரும் மாத்திரையைச் சந்தேகப்படவில்லை. "நேரத்துக்குச் சோறு தின்னாம அல்சர் வந்துடுச்சு" என்றார் மகன். பக்கத்து வீட்டுக்காரர்கள் புளித்தூசியைச் சொன்னார்கள். நம் ஊரில் வயிறு எரிந்தால் அல்சர், ஏப்பம் வந்தால் கேஸ், இரண்டுக்கும் காரணம் பட்டினியும் காரமும். பட்டினி கிடந்தால் எரிச்சல் தெரியும், காரம் தின்றால் புண் எரியும், அதெல்லாம் உண்மை. ஆனால் புண்ணை உண்டாக்குவது பெரும்பாலும் இரண்டே பேர்: வலி மாத்திரை, இன்னொன்று எச். பைலோரி என்ற கிருமி. பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 1980களின் தொடக்கத்தில் இந்தக் கிருமியைக் காட்டியபோது, அமிலத்தில் எந்தக் கிருமி பிழைக்கும் என்று யாரும் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் கிருமி கலந்த கரைசலைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபல்.

நம் அம்மாவுக்கு எண்டோஸ்கோப்பியின்போதே அந்தப் பரிசோதனை செய்தார்கள், இல்லை என்று வந்தது. அதை நம்பி விட்டிருந்தால் இரண்டாவது தப்பு நடந்திருக்கும். ரத்தம் கசிகிற நேரத்திலும், பான்டப்ரசோல் மாதிரி மருந்து உள்ளே இருக்கிறபோதும் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டலாம். எட்டு வாரம் மருந்து முடிந்து, இரண்டு வாரம் நிறுத்தி வைத்து, ஆடிப்பெருக்கு கழிந்த வாரத்தில் மறுபடி எண்டோஸ்கோப்பி பார்த்தார்கள். புண் ஆறி வெள்ளைத் தழும்பு மட்டும் இருந்தது. ஆனால் எடுத்த சதைத் துணுக்கை மஞ்சள் ஜெல்லில் வைத்ததும் கொஞ்ச நேரத்தில் அது ரோஜா நிறத்துக்கு மாறிவிட்டது. கிருமி இருக்கிறது. இரண்டு ஆன்டிபயாட்டிக்கோடு அமிலம் குறைக்கும் மாத்திரை, 14 நாள். நாலாம் நாள் வாய் கசக்குது என்று நிறுத்தப் பார்த்தார். மருமகள் விடவில்லை.

பான்டப்ரசோலை அவர் எப்படிச் சாப்பிட்டு வந்தார் என்றும் கேட்டேன். சாப்பாட்டுக்கு அப்புறம், வயிறு எரியும்போது மட்டும். அது அப்படி வேலை செய்யாது. காலை ஆகாரத்துக்கு அரை மணி முன்னால், வெறும் வயிற்றில், தினமும். அமிலம் சுரக்கும் பம்புகள் சாப்பாட்டுக்குத்தான் விழித்தெழும், அப்போது மருந்து ரத்தத்தில் தயாராக இருக்க வேண்டும்.

முட்டிக்கு வருவோம்

வயிறு ஆறிவிட்டது, முட்டி வலி அப்படியே இருக்கிறது. இதற்கு வழி சொல்லாமல் "இனிமே அந்த மாத்திரை தொடாதீங்க" என்று மட்டும் சொன்னால், அடுத்த மாசியில் மறுபடி செட்தான்.

பேசும்போது அவர் பற்களைக் கவனித்தேன். முன்பற்களில் காவி நிறத்தில் குறுக்கே பட்டைகள். இந்தப் பக்கம் பாதிப் பேருக்கு அப்படித்தான் என்பதால் நாங்கள் பார்ப்பதையே விட்டுவிட்டோம். தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். பல் முளைத்து உருவாகிற வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்தால்தான் இந்தப் பட்டை விழும், பெரியவரானபின் விழாது. ஆனால் எலும்பிலும் மூட்டிலும் சேர்வது எந்த வயதிலும் நடக்கும். முன்கையை எக்ஸ்ரே எடுத்தோம். இரண்டு எலும்புகளுக்கும் நடுவிலுள்ள சவ்வில் சுண்ணம் படிந்திருந்தது, எலும்பு புளோரோசிஸுக்கு அது ஒரு அடையாளம். முட்டியில் வயசுக்கான தேய்மானமும் இருந்தது. எது எவ்வளவு வலி கொடுக்கிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இதற்காகவேதான் ஒகேனக்கல் குடிநீர் வழங்கல் மற்றும் புளோரோசிஸ் தணிப்புத் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013இல் திறக்கப்பட்டது. இவர் தெருவிலும் குழாய் இருக்கிறது. "குடிக்கறதுக்கு ஒகேனக்கல் தண்ணிதானுங்க" என்றார் மருமகள். களி கிளற? போர் தண்ணி. குழம்புக்கு? போர் தண்ணி. குழாய்த் தண்ணீர் வராத நாளில் குடிக்கவும் அதுதான். போர் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தார்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் வரை அனுமதி, அதில் 2ஐத் தாண்டியிருந்தது. களி உலையில் எவ்வளவு தண்ணீர் மாவுக்குள் போகிறது என்று கிளறுகிறவர்களுக்குத் தெரியும். காய்ச்சினாலும் புளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்றக் கூடத்தான் செய்யும். அது அதிகமானால் இரைப்பை அமிலத்தோடு சேர்ந்து உள்சுவரையும் அரிக்கும். இப்போது சமையலுக்கும் இரண்டு குடம் குழாய்த் தண்ணீர் ஒதுக்கி வைக்கிறார்கள். ஏற்கெனவே எலும்பில் சேர்ந்ததை எடுக்க மருந்து கிடையாது.

வலிக்குப் பாராசிட்டமால், ஒரு நாளைக்கு 3 கிராமுக்கு மேல் போகாமல். முட்டிமேல் தடவும் டைக்ளோஃபினாக் ஜெல், தோல் வழியாக ரத்தத்துக்குப் போவது ரொம்பக் குறைவு. நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டித் தூக்கி, பத்து எண்ணி இறக்குவது, காலுக்குப் பத்துத் தடவை, மூன்று வேளை. தொடைத் தசை பலப்பட்டால் முட்டிமேல் விழும் சுமை குறையும். முதல் மாதம் இதை அவர் செய்யவே இல்லை. டிவி சீரியல் விளம்பரத்தில் செய்யச் சொன்னார் மருமகள், அப்புறம்தான் வழக்கமாயிற்று. என் யோசனையைவிட அது நல்ல யோசனை. என்றைக்காவது வலி மாத்திரை தவிர்க்கவே முடியாமல் போனால், எதைச் சாப்பிடுவது, கூட இரைப்பைக் காப்பு மாத்திரை எத்தனை நாள் என்பதை டாக்டர் எழுதித்தர வேண்டும், கடையில் பொட்டலம் வாங்கக் கூடாது என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அதை மஞ்சப்பையிலேயே வைத்திருக்கிறார்.

கஷ்டமானது வேலை. குத்துக்காலிட்டு உட்காராமல் புளி தட்ட முடியுமா என்று கேட்டதற்குச் சிரித்தார். மகன் ஒரு பலகை அடித்துக் கொடுத்திருக்கிறார், முக்காலி உயரம். எதிரே மரக்கட்டை ஒன்றைத் தூக்கி வைத்து, அதன்மேல் வைத்துத் தட்டுகிறார். மிச்சமிருந்த பழைய புளியில் பழகிப் பார்த்ததில் முட்டிக்குத் தேவலை. ஆனால் தரையில் உட்கார்ந்தவர்கள் ஐந்து கிலோ முடிக்கிற நேரத்தில் இவர் நாலுதான் முடிக்கிறார். அந்த ஒரு கிலோவின் கூலிக்கு என்னிடம் பதில் இல்லை.

இப்போது ஹீமோகுளோபின் 10.8. இரும்புச்சத்து மாத்திரை ஓடுகிறது, அதனால் மலம் மறுபடி கறுப்பு. இந்த முறை பயந்துபோய் அவரே காலையில் முதல் ஆளாக வந்து நின்றார். தண்ணீர் ஊற்றினால் போய்விடுகிறது, நாற்றம் இல்லை என்றார். சரி, அது மாத்திரை நிறம்தான் என்று அனுப்பினேன். கிருமி போய்விட்டதா என்று பார்க்க மலப் பரிசோதனை ஒன்று பாக்கி, ஆன்டிபயாட்டிக் முடிந்து நாலு வாரம் ஆக வேண்டும்.

மாசியில் புளி இறங்கிவிடும். அதற்குள் பலகையை இன்னும் நாலு விரல் உயர்த்தித் தரச் சொல்லி மகனிடம் கேட்டிருக்கிறாராம்.